ஹைப்பர்கார் சஸ்பென்ஷனும் அதன் அழகும்: வாளையாரின் இருபுறமும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பக்கம் செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வே, மறுபக்கம் கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டை, நடுவில் 544ஆம் எண் நெடுஞ்சாலை. எட்டிமடை, நவக்கரை, வாளையார், பாலக்காடு என்று இந்தச் சாலையை ஒட்டியிருக்கும் கார்ப் பிரியர்களும் பொறியியல் மாணவர்களும் ஹைப்பர்காரைப் பற்றி முதலில் கேட்பது எஞ்சினைத்தான். அடுத்த கேள்வியிலேயே பேச்சு சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இறங்கிவிடும். இங்கே இருப்பவை அந்த இரண்டாம் ரகக் கேள்விகள்.

ஹைப்பர்காருக்கும் சூப்பர்காருக்கும் எல்லை எங்கே?

சட்டத்தில் அப்படி எல்லை கிடையாது. 2013ஐ ஒட்டி மெக்லாரன் பி1, போர்ஷே 918 ஸ்பைடர், லாஃபெராரி மூன்றும் அடுத்தடுத்து வந்தபோது இந்தப் பெயர் நிலைத்துப்போனது. விலையை வைத்துப் பிரிப்பவர்கள் உண்டு, குதிரைத்திறனை வைத்துப் பிரிப்பவர்களும் உண்டு. சஸ்பென்ஷன் கண்ணோட்டத்தில் பயனுள்ள பிரிவு வேறு: ஓடும்போது காற்று காரின் எடையில் பாதிக்குப் பக்கமாக அழுத்தினாலும் அதைத் தாங்கி நிற்க வேண்டிய ரோட்டுக் கார். அந்த இடத்தில்தான் சாதாரணக் கார்க் கணக்கெல்லாம் உடைகிறது.

இவ்வளவு தாழ்வாக ஏன் செய்கிறார்கள்? பார்க்க அழகாக இருக்கும் என்பதற்காகவா?

அழகும் ஒரு காரணம்தான். ஆனால் முதல் காரணம் காரின் அடித்தளம்.

காரின் வயிற்றுக்கும் சாலைக்கும் நடுவே காற்று குறுகிய வழியில் வேகமாகப் போனால் அங்கே அழுத்தம் குறையும். கார் கீழே இழுபடும். 1978இல் லோட்டஸ் 79 ஃபார்முலா 1 பந்தயத்தில் காட்டிய வித்தை இதுதான். மேலே பெரிய விங் வைத்து அழுத்தினால் கூடவே காற்றுத்தடையும் கணிசமாக ஏறும். அடித்தளத்தால் இழுத்தால் தடை குறைவு. ஆஸ்டன் மார்ட்டின் வால்கிரியில் உட்காரும் இடத்தின் இருபுறமும் ஆள் நுழையும் அளவுக்குச் சுரங்கம் போல வெட்டியிருப்பது இதற்காக. ஓட்டுநரின் பாதம் இடுப்புக்குச் சமமாக உயர்ந்து நிற்பதும் அந்தச் சுரங்கத்துக்கு இடம் விட்டதால்தான்.

இடைவெளி குறையக் குறைய இழுப்பு கூடும், ஆனால் ஒரு அளவுவரைதான். அதற்கும் கீழே போனால் காற்று அடைத்துக்கொள்ளும், இழுப்பு சட்டென்று விடும், கார் எழும்பும், மறுபடி காற்று ஓடும், மறுபடி இழுக்கும். 2022இல் ஃபார்முலா 1 கார்கள் நேர்ச்சாலையில் தவளை மாதிரிக் குதித்தது இப்படித்தான். ஆகவே வேண்டியது வெறும் தாழ்வு அல்ல, மாறாத தாழ்வு. சக்கர அடித்தளம் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம்) 2.7 மீட்டர் உள்ள காரில் மூக்கு ஒரே ஒரு டிகிரி தூக்கினால் முன்னுக்கும் பின்னுக்கும் 47 மி.மீ. வித்தியாசம் வந்துவிடும். மூக்குக்கு அடியில் காற்று புகுந்தால் என்ன ஆகும் என்பதை 1999 லெ மான் பந்தயத்தில் மெர்சிடிஸ் சிஎல்ஆர் கார்கள் அந்தரத்தில் புரண்டு காட்டின.

டவுன்ஃபோர்ஸ் (காற்று காரைக் கீழே அழுத்தும் விசை) கூடினால் ஸ்பிரிங்கை எவ்வளவு விறைப்பாக்க வேண்டும்? கணக்குப் போட முடியுமா?

முடியும், கால்குலேட்டர் போதும். காரின் இயல்பு அதிர்வெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். காரைக் கையால் அழுத்தி விட்டால் நொடிக்கு எத்தனை முறை ஏறி இறங்கும் என்ற எண் அது. சொந்த எடையில் ஸ்பிரிங் எத்தனை மி.மீ. அமுங்கியிருக்கும் என்பதற்குச் சுருக்கு வழி: 250ஐ அதிர்வெண்ணின் வர்க்கத்தால் வகுங்கள்.

குடும்பக் கார்கள் பெரும்பாலும் 1 முதல் 1.5 ஹெர்ட்ஸ் வரை. ஸ்போர்ட்ஸ் கார் 2ஐ ஒட்டி. காற்றழுத்தத்தை நம்பி ஓடும் பந்தயக் கார் 3க்கு மேல், சிலது 5ஐயும் தாண்டும்.

இப்போது 1,500 கிலோ கார், மணிக்கு 250 கி.மீ.க்குப் பக்கத்தில் 600 கிலோ டவுன்ஃபோர்ஸ் என்று வைப்போம். பி1 கிட்டத்தட்ட இந்த ரகம்தான்: மெக்லாரன் கொடுத்த எண் 257 கி.மீ. வேகத்தில் 600 கிலோ. 1.5 ஹெர்ட்ஸ் ஸ்பிரிங் போட்டால் சொந்த எடையில் அமுக்கம் 110 மி.மீ. கூடுதல் சுமை எடையில் 40 சதவீதம், ஆக இன்னும் 44 மி.மீ. இறங்கும். டயர் அமுங்குவது தனி. 110 மி.மீ. கிளியரன்ஸில் (தரை இடைவெளியில்) புறப்பட்ட கார் 66க்கு வந்துவிட்டது, இனிமேல்தான் சாலை மேடுபள்ளமும் பிரேக் போட்டால் மூக்கு இறங்குவதும் வர வேண்டும். அதே காரில் 3 ஹெர்ட்ஸ் போட்டால் இறக்கம் 11 மி.மீ. மட்டும். அடித்தளம் நிலையாக நிற்கும், ஆனால் ஸ்பிரிங் நான்கு மடங்கு விறைப்பு. அதிர்வெண்ணை இரண்டு மடங்காக்க விறைப்பு நான்கு மடங்கு வேண்டும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அந்த ஸ்பிரிங்கோடு நம் ஊர்ப் பாலத்து இணைப்புப் பட்டையைக் கடந்தால் பல் கிட்டித்துப்போகும்.

டவுன்ஃபோர்ஸ் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால் 125 கி.மீ.யில் இந்த 600 கிலோ 150 கிலோதான். நகருக்குள் ஏதுமே இல்லை. வேகத்தில் மட்டும் தேவைப்படும் விறைப்பை நாள் முழுக்கச் சுமக்க வேண்டியிருக்கிறது. அதுதான் சிக்கலின் வேர்.

அப்படியானால் ரோட்டிலும் ட்ராக்கிலும் ஒரே கார் எப்படி ஓடுகிறது?

ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு வழி பிடித்திருக்கிறது.

பி1 ஸ்பிரிங்கின் வேலையைப் பெரும்பாலும் எண்ணெய்க்கும் வாயுவுக்கும் கொடுத்தது. ரேஸ் மோடில் கார் 50 மி.மீ. இறங்கும், விறைப்பு 300 சதவீதம் கூடும் என்பது மெக்லாரன் கணக்கு. பின் விங் அதே நேரத்தில் 300 மி.மீ. எழும்பும். அந்த மோடு சாலைக்கு அல்ல.

புகாட்டி வேரான் உயரத்தை வேகத்துக்கு ஏற்ப மாற்றியது. சாதாரணமாக 125 மி.மீ. நிற்கும் கார், 220 கி.மீ. தாண்டியதும் தானே இறங்கி விங்கைத் தூக்கிக்கொள்ளும். 400ஐத் தாண்ட வேண்டுமென்றால் வண்டியை நிறுத்தித் தனிச் சாவி போட வேண்டும். அப்போது தரை இடைவெளி சுமார் 65 மி.மீ., விங் கிட்டத்தட்ட மடங்கிவிடும். ஒரே கார், மூன்று நிற்பு.

கோனிக்செக் 2010இல் அகெராவில் கொண்டுவந்தது மூன்றாவது டேம்பர் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்). பின்பக்கம் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே குறுக்காகப் படுத்திருக்கும். ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழுந்தால் அது பெரிதாகத் தலையிடாது. இரண்டும் சேர்ந்து அமுங்கினால் மட்டுமே வேலை செய்யும். காற்றழுத்தமும் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது பின்புறம் குந்துவதும் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகத்தான் அமுக்கும். ஆக, மூலை ஸ்பிரிங்கை மென்மையாக விட்டுவிட்டு, காற்றுக்கு மட்டும் தனிக் காவல் போட்ட மாதிரி. மின்னணு வித்தைகளுக்கு முன்னால் இது நாட்டு வைத்தியம் போலத் தெரியலாம், ஆனால் இதைவிடச் சுத்தமான யோசனை குறைவு.

2024இல் அறிவிக்கப்பட்ட ஃபெராரி எஃப்80 நான்கு சக்கரத்துக்கும் 48 வோல்ட் மோட்டார் வைத்து, உடலைத் தேவையான உயரத்தில் பிடித்து நிறுத்துகிறது. டேம்பர் வெறுமனே அதிர்வை அடக்குவதோடு நிற்காமல் தள்ளவும் இழுக்கவும் செய்கிறது. இந்த ஆசை புதிதல்ல. 1992இல் வில்லியம்ஸ் எஃப்டபிள்யூ14பி ஆக்டிவ் சஸ்பென்ஷனோடு பட்டத்தைத் தட்டியது, 1994 முதல் ஃபார்முலா 1 அதைத் தடை செய்தது. ரோட்டுக் காருக்கு அந்தத் தடை இல்லை.

புஷ்ராடு சஸ்பென்ஷன் கண்ணாடி வழியே தெரிகிறதே, அது காட்சிக்கா, வேலைக்கா?

இரண்டுக்கும். காட்சிக்கு என்பதை மறைக்கவும் தேவையில்லை.

பக்கத்தில் நின்று பார்த்தால் இப்படித் தெரியும்: கீழ் விஷ்போனின் (சக்கரத்தை உடலோடு பிணைக்கும் V வடிவக் கை) வெளி முனையிலிருந்து விரல் தடிமனில் ஒரு கம்பி சாய்வாக மேலேறும். அது போய் முட்டுவது முக்கோண வடிவ ராக்கரில். ராக்கரின் ஒரு மூலை உடலில் பேரிங்கில் சுழலும், இன்னொரு மூலையில் டேம்பரும் ஸ்பிரிங்கும் மாட்டியிருக்கும். சக்கரம் ஏறினால் கம்பி தள்ளும், ராக்கர் திரும்பும், படுத்திருக்கும் ஸ்பிரிங் அமுங்கும். மெர்சிடிஸ்-ஏஎம்ஜி ஒன்னில் இந்த டேம்பர்கள் காரின் குறுக்கே படுத்திருக்கின்றன. லம்போர்கினி அவென்டடார், பகானி ஹுவைரா, போர்ஷே கரேரா ஜிடி எல்லாவற்றிலும் இந்தக் குடும்பச் சாயல் உண்டு.

லாபம் என்ன? முதலாவது, அசைவு விகிதம். சாதாரண டபுள் விஷ்போனில் ஸ்பிரிங்கை ஆர்மின் நடுவில் மாட்டினால் சக்கரம் 10 மி.மீ. ஏறும்போது ஸ்பிரிங் 6 மி.மீ. தான் அமுங்கும். விகிதம் 0.6. சக்கரத்தில் உணரும் விறைப்பு இதன் வர்க்கத்தால் குறையும்: மி.மீ.க்கு 100 நியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங் சக்கரத்தில் 36 ஆகத்தான் தெரியும். ராக்கரின் கை நீளத்தை மாற்றி விகிதத்தை 1க்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் மெல்லிய ஸ்பிரிங் போதும், டேம்பர் பிஸ்டனும் நன்றாக நகர்ந்து சின்ன அசைவையும் பிடிக்கும். இரண்டாவது, ஸ்பிரிங்கும் டேம்பரும் காற்று ஓடும் பாதையிலிருந்து விலகி உள்ளே போய்விடும். மூன்றாவது, ஸ்டைலிங் ஆட்களுக்குக் கொண்டாட்டம்: நெட்டுக்குத்தாக நிற்கும் டவர் இல்லாததால் முன் பானெட்டை அடித்துத் தாழ்த்தலாம்.

நஷ்டமும் சொல்ல வேண்டும். மூட்டுகள் கூடும், ஒவ்வொன்றிலும் தேய்மானமும் உராய்வும். ராக்கர் பேரிங் லேசாக இறுகினாலே சின்ன அதிர்வுகள் சீட்டுக்கு நேராக வந்துவிடும். ஷாக் போய்விட்டது என்று நினைத்து டேம்பரைக் கழற்றிப் பார்ப்பார்கள், குற்றவாளி பேரிங்காக இருக்கும்.

சக்கரம் ஏன் 20, 21 இன்ச்? சின்னச் சக்கரம் போட்டால் சொகுசு கூடாதா?

கூடும். கார்டன் மர்ரியின் டி.50 காரணத்தோடுதான் முன்னே 19, பின்னே 20 இன்ச்சில் நிறுத்தியது. டயரும் 235, 295 அகலம்தான். அந்தக் காரின் எடை ஒரு டன்னுக்குள் என்பதால் அது கட்டுப்படியாகிறது.

மற்றவர்களுக்கு இரண்டு நெருக்கடி. ஒன்று பிரேக். புகாட்டி சிரோனின் முன் டிஸ்க் 420 மி.மீ. விட்டம். அதற்கு மேல் காலிப்பர், அதற்கு மேல் ரிம்மின் உட்பக்கம். 20 இன்ச் என்பது 508 மி.மீ. என்று கணக்குப் போட்டால் மிச்சம் இருப்பது பிடிமானத்துக்கு மட்டும்தான். மற்றொன்று கண். உடல் தடித்து, இடுப்பு உயர்ந்து போன காரில் சின்னச் சக்கரம் யானைக்குச் செருப்பு மாட்டியது போலிருக்கும். பின்பக்கம் எஞ்சின் நிறைந்த தடித்த உடலைச் சமன் செய்ய டிசைனருக்கு உயரமான சக்கரம் தேவை.

விலை கொடுப்பது டயரின் பக்கச்சுவர். சிரோனின் பின் டயர் 355/25 ஆர்21. சுவர் உயரம் 355இல் 25 சதவீதம், அதாவது 89 மி.மீ. நம் ஊர் ஸ்விஃப்டின் 185/65 ஆர்15இல் அதுவே 120 மி.மீ. ரெண்டு டன் காருக்குக் குட்டிச் சுவர். பள்ளத்தின் விளிம்பில் அடித்தால் டயர் நசுங்கி ரிம் கல்லைத் தொடும். கனமான சக்கரம் என்றால் டேம்பர் அடக்க வேண்டிய ஆட்டமும் கூடும், அதனால்தான் கோனிக்செக் உள்ளீடற்ற கார்பன் ஃபைபர் சக்கரம் வரை போனது.

மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே விரல் கூட நுழையவில்லையே, சக்கரம் ஏறினால் இடிக்காதா?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி. டிசைனர் அந்த இடைவெளியை வெறுப்பார். ஓவியத்தில் அது எப்போதும் பூஜ்யம். சஸ்பென்ஷன்காரருக்கு அது அமுங்குவதற்கான கணக்கு இருப்பு.

நடைமுறை இப்படி: சக்கரம் முழுக்க ஏறிய நிலை, முழுக்க இறங்கிய நிலை, ஸ்டீயரிங் இரு பக்கமும் முழுக்கத் திரும்பிய நிலை எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தால் டயர் நடமாடும் ஒரு கூடு கிடைக்கும். அதோடு புஷ் (மூட்டில் இருக்கும் ரப்பர் வளையம்) நசுங்குவது, வேகத்தில் டயர் விரிவது, டயரில் ஒட்டிய சேறு எல்லாம் சேர்த்து ஓரம் விடுவார்கள். மட்கார்டின் உட்தோல் அந்தக் கூட்டைத் தொடக்கூடாது. வெளித்தோலை டிசைனர் அதன் மேல் போர்த்துவார். பல ஹைப்பர்காரில் முன் மட்கார்டு பானெட்டை விட உயர்ந்து குன்று போல நிற்கக் காரணம் இதுதான். ஓட்டுநருக்கு மூலை எங்கே என்று தெரிவது கூடுதல் ஆதாயம்.

சக்கரம் ஏறும்போது மேல்முனை உள்பக்கம் சாய்வது போல விஷ்போன்களின் நீளத்தை வைத்தால் வெளி ஓரத்தில் இடைவெளியைக் குறைக்கலாம். மேல் ஆர்ம் குட்டை, கீழ் ஆர்ம் நீளம் என்ற பழைய வழிதான். மேல் ஆர்ம் இல்லாமல் டேம்பரே சக்கரத்தைத் தாங்கும் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டில் இந்தச் சுதந்திரம் குறைவு, மேலே ஸ்ட்ரட்டின் தலையும் டயரைத் தாண்டி நிற்கும். போர்ஷே 911 ஜிடி3 கூட 2021இல் முன்பக்கம் டபுள் விஷ்போனுக்கு மாறியது.

ஷோரூமில் கார் தாழ்ந்து அழகாக நிற்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். உயரம் மாற்றும் கார்களைக் கண்காட்சியில் ட்ராக் உயரத்துக்கு இறக்கி நிறுத்துவது வழக்கம். ஏஎம்ஜி ஒன் ரேஸ் பிளஸ் மோடில் முன்னே 37, பின்னே 30 மி.மீ. இறங்கும். அந்த நிற்பில் எடுத்த படத்தையும் ரோட்டு உயரத்தில் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வேறு வேறு கார் போலிருக்கும்.

ஏனுங்க, இந்தக் காரெல்லாம் நம்ம ஊரு வேகத்தடையத் தாண்டுமா?

வாளையாருக்கு இந்தப் பக்கம் ஸ்பீடு பிரேக்கர், அந்தப் பக்கம் ஹம்ப். பெயர் எதுவானாலும் அளவுதான் முக்கியம்.

இந்தியச் சாலைக் காங்கிரஸின் (சாலைத் தரம் வகுக்கும் அமைப்பு) விதிப்படி போட்ட வளைவு வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரம். முன் ஓவர்ஹேங் (சக்கர மையத்துக்கு முன்னே நீளும் பகுதி) 1.1 மீட்டர் உள்ள கார் அதன் அடிவாரத்தில் முன் சக்கரத்தை வைத்து நிற்பதாகக் கொள்வோம். மூக்கு நிற்கும் இடத்தில் தடையின் உயரம் 84 மி.மீ. மூக்கின் கிளியரன்ஸ் 110 என்றால் 26 மி.மீ. மிச்சம், 80 என்றால் ஸ்பிளிட்டர் (மூக்கின் அடி உதடு) உரசும். அதே கார் மூக்கைத் தூக்கும் லிஃப்டை 40 மி.மீ. போட்டால் 120 ஆகிவிடும், தாராளம். அடுத்தது வயிறு. 2.7 மீட்டர் சக்கர அடித்தளத்தில் நான்கு சக்கரமும் வளைவின் மேலேயே இருக்கும்போது நடுவயிற்றுக்கு அடியில் தடை 54 மி.மீ. புடைத்து நிற்கும். 110 மி.மீ. காருக்கு 56 மிச்சம். ஆக, விதிப்படி போட்ட தடையை ஏறத்தாழ எல்லா ஹைப்பர்காரும் மெதுவாகத் தாண்டும்.

விதிப்படி போட்ட தடை எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. தெருக்காரர்கள் தாமே போட்டுக்கொண்ட சிமென்ட் மேடு அரை மீட்டர் அகலத்தில் 15 செ.மீ. உயரம் இருந்தால், வயிறு முழு 150 மி.மீ.யையும் தாண்ட வேண்டும். முன் லிஃப்ட் மட்டும் உள்ள காருக்கு நடுவயிற்றில் கிடைப்பது லிஃப்டில் பாதிதான். அங்கே திரும்பிப் போவதே வழி.

தாண்டும் முறை: லிஃப்டைத் தடைக்கு முன்னாலேயே போட்டு, முழுக்க ஏறியதை மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். தடைக்கு ஒரு கார் நீளம் முன்னாலேயே பிரேக்கை விடுங்கள், பிரேக்கோடு ஏறினால் மூக்கு ஒன்றிரண்டு செ.மீ. தாழ்ந்திருக்கும். குறுகிய மேடானால் சாய்வாக ஏறுங்கள், முன் சக்கரம் ஸ்பிளிட்டரின் நடுவுக்கு முன்னால் மேட்டைத் தொட்டுவிடும். இறங்கும்போது டிஃப்யூசரின் (பின்பக்க அடியில் காற்றை வெளியேற்றும் பகுதி) பின் ஓரத்தை மறக்க வேண்டாம். பலரும் முன்பக்கத்தைத் தப்பவைத்துப் பின்பக்கத்தை உரசுகிறார்கள்.

லிஃப்ட் போட்டபடியே வேகமாக ஓட முடியாது. உடலைத் தூக்குவது சக்கரத்தைக் கீழே தள்ளுவதற்குச் சமம், கீழ்நோக்கிய அசைவுக்கான இடம் அதிலேயே செலவாகிவிடும். டோவும் கேம்பரும் (சக்கரம் திரும்பி நிற்கும், சாய்ந்து நிற்கும் கோணங்கள்) மாறிப் போயிருக்கும். அதனால்தான் குறிப்பிட்ட வேகத்தில் கார் தானே இறங்கிக்கொள்கிறது.

பின்பக்கப் பெரிய விங் இல்லாத ஹைப்பர்கார் வேகத்துக்குச் சரிப்படுமா?

எந்த வேகம் என்பதைப் பொறுத்தது. வளைவில் வேகமென்றால் விங் வேண்டும். நேர்ச்சாலையில் உச்ச வேகமென்றால் விங் பாரம். கோனிக்செக் ஜெஸ்கோ அப்சலூட்டில் விங்கை எடுத்துவிட்டு இரண்டு செங்குத்துத் துடுப்பு வைத்தார்கள், காற்றுத்தடைக் கெழு 0.278. டவுன்ஃபோர்ஸ் குறைந்தால் ஸ்பிரிங்கும் அவ்வளவு விறைப்பாக இருக்கத் தேவையில்லை, சொகுசு தானாக வரும். புகாட்டி சிரோன் சூப்பர் ஸ்போர்ட் 300+ 2019இல் 490.484 கி.மீ. தொட்டபோதும் செய்தது அதுதான்: வாலைச் சுமார் 25 செ.மீ. நீட்டிக் காற்றை மெதுவாகப் பிரிய விட்டார்கள். பகானி ஹுவைரா நான்கு மூலையிலும் அசையும் மடல் வைத்து நடுவழி பிடித்தது. உருவத்தைக் கெடுக்காத தீர்வு என்றால் எங்கள் ஓட்டு ஹுவைராவுக்கு.

பாலக்காட்டுக் கணவாயில் அடிக்கும் குறுக்குக் காற்று இந்தக் கார்களை ஆட்டுமா?

தாழ்ந்த கார் என்பதால் பேருந்தைப் போல ஆடாது. ஆனால் பின்னால் உயர்ந்த துடுப்புள்ள காரில் காற்று வாலைப் பிடித்துத் தள்ளும், மூக்கு காற்று வரும் திசைக்குத் திரும்பப் பார்க்கும். அது நல்ல குணம், அம்பின் இறகு போல நேராக்கும். தென்மேற்குப் பருவமழை நாட்களில் பிரச்சினை வேறு: அகலமான டயரும் தேங்கிய நீரும். 355 மி.மீ. டயர் நீரின் மேல் ஏறி மிதக்கக் கொஞ்சம் நீர் போதும்.

மின்சார ஹைப்பர்கார்கள்?

பேட்டரி அடித்தளத்தில் என்பதால் ஈர்ப்பு மையம் தாழ்வு. ஆனால் எடை இரண்டு டன்னைத் தாண்டும். ரிமாக் நெவேராவும், மஹிந்திராவின் ஆட்டோமொபிலி பினின்ஃபரீனா தயாரிக்கும் பட்டிஸ்டாவும் அந்த ரகம். அடிப்பக்கம் பேட்டரி நிறைந்திருந்தால் வால்கிரி போலச் சுரங்கம் வெட்ட முடியாது. பிஒய்டியின் யாங்வாங் யூ9 நின்ற இடத்தில் குதிக்கும், மூன்று சக்கரத்தில் ஓடும். அது விளம்பர வித்தைதான், ஆனால் அந்த சஸ்பென்ஷன் எவ்வளவு வேகமாகத் தள்ளும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இந்த சஸ்பென்ஷனில் அடிக்கடி எது கெடும்? எப்படிச் சோதிப்பது?

எண்ணெய்-வாயு வகையில் அக்யூமுலேட்டரின் (ஸ்பிரிங்குக்குப் பதில் வாயு அடைத்த குடுவை) நைட்ரஜன் மெல்லக் கசியும். கார் இறங்கிவிடும் என்று நினைப்பார்கள், உண்மையில் விறைத்துப்போகும். வாயு குறைந்தால் அமுங்க இடமில்லை, எண்ணெய் அமுங்காது. லிஃப்ட் ராமின் (தூக்கும் எண்ணெய் சிலிண்டர்) சீல் கசிந்தால் ஒரு பக்கம் மட்டும் இரவோடு இரவாகத் தாழ்ந்திருக்கும். ரப்பர் புஷ்ஷுக்குப் பதில் இரும்பு உருண்டை மூட்டு வைத்த கார்களில் மழைநீரும் மணலும் புகுந்து, முதலில் கொடகொடவென்று சத்தம், பிறகு ஆட்டம்.

உயரம் அளக்கும் முறை பலருக்கும் தெரியாது. டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைச் சரிபார்த்து, சமதளத்தில் காரை மூன்று மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி விடுங்கள். ஜாக்கியிலிருந்து இறக்கிய சக்கரம் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு கார் உயர்ந்து நிற்கும், உருட்டினால்தான் உட்காரும். பிறகு சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளவுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர்த் தேய்மானமும் கணக்கில் கலந்துவிடும். இடதுக்கும் வலதுக்கும் 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் காரணத்தைத் தேடுங்கள்.

இன்னொன்று, இது ஸ்விஃப்டுக்கும் பொருந்தும். ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை, சக்கரம் தொங்கும்போது இறுக்கக்கூடாது. கார் தன் உயரத்தில் உட்கார்ந்த பிறகே இறுதி இறுக்கம். தொங்கும்போது இறுக்கினால் காரை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சில ஆயிரம் கிலோமீட்டரில் கிழியும். புது புஷ் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதில் பாதி இந்தக் கதைதான்.

என் ஸ்விஃப்டின் ஸ்பிரிங்கை வெட்டி இப்படித் தாழ்த்தலாமா?

வேண்டாம். ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் விறைப்பு 20 சதவீதம் கூடும். ஆனால் கார் 40 மி.மீ. இறங்கியதால் பம்ப் ஸ்டாப்புக்கான (கடைசியில் தடுக்கும் ரப்பர் கட்டை) தூரம் 80லிருந்து 40 ஆகியிருக்கும். தூரம் பாதி, விறைப்பு ஐந்தில் ஒரு பங்குதான் கூடுதல். ஒவ்வொரு பள்ளத்திலும் ரப்பர் கட்டையில் மோதும். டேம்பரின் வால்வு பழைய ஸ்பிரிங்குக்கு அமைந்தது, அதுவும் திணறும். சக்கரம் தொங்கும்போது வெட்டிய ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவினாலும் ஆச்சரியமில்லை. போதாக்குறைக்குச் சட்டமும் குறுக்கே நிற்கும்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தயாரிப்பாளரின் அளவை மாற்றுவதைத் தடுக்கிறது, கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில் 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கஞ்சிக்கோடு தாண்டினால் சோதனை கறாராக இருக்கும்.

கல்லூரியில் ஃபார்முலா பாரத் (மாணவர் பந்தயக் கார்ப் போட்டி) கார் செய்கிறோம். மூன்றாவது ஸ்பிரிங் வைக்கலாமா?

விங் இல்லாத காரென்றால் தேவையே இல்லை. ஃபார்முலா ஸ்டூடன்ட் வகை விதிகள் கேட்பது ஓட்டுநர் உட்கார்ந்த நிலையில் மொத்தம் 50 மி.மீ. சக்கர அசைவு. கரி ட்ராக்கில் அந்தக் கார்கள் போகும் வேகத்தில் டவுன்ஃபோர்ஸ் குறைவு. எடை கூட்டி வம்பை விலைக்கு வாங்க வேண்டாம். அந்த நேரத்தை ராக்கர் பேரிங் சரியாக உட்கார்கிறதா, புஷ்ராடு நட்டு பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பதில் செலவழியுங்கள். பல அணிகள் அங்கேதான் மண்ணைக் கவ்வுகின்றன.

ஹெட்லைட் உயரத்துக்கும் சஸ்பென்ஷனுக்கும் என்ன சம்பந்தம்?

ஐரோப்பிய விதிப்படி டிம் லைட்டின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 500 மி.மீ.க்குக் குறையக்கூடாது. மூக்கை எவ்வளவு தாழ்த்தினாலும் விளக்கு அந்த உயரத்தில் நிற்க வேண்டும், அதனால் விளக்கு மட்கார்டின் குன்றில் ஏறி உட்கார்கிறது. மூக்கில் வேறு எதற்கும் இடமில்லை. வால்கிரியின் முன் சின்னம் 70 மைக்ரான் தடிமன் உள்ள அலுமினியத் தகடு, அதன் மேல் பெயின்ட் லாக்கர். கையால் தடவினால் சின்னம் இருப்பதே தெரியாது.

ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இவை திரும்புமா?

பின் சக்கரமும் திரும்பும் கார்கள் திரும்பும். 918 ஸ்பைடரிலும் ஜெஸ்கோவிலும் குறைந்த வேகத்தில் பின் சக்கரம் முன் சக்கரத்துக்கு எதிர்த் திசையில் திரும்பி வட்டத்தைச் சுருக்கும். மற்றவற்றில் அகலமான முன் டயர் முழு வெட்டில் மட்கார்டின் உட்தோலைத் தொடாமலிருக்க ஸ்டீயரிங் கோணத்தையே கம்பெனி குறைத்து வைத்திருக்கும், ஒருமுறை பின்னால் எடுத்துத்தான் திரும்ப வேண்டும். அதுவும் லிஃப்ட் போட்ட நிலையில், கீழிருந்து ஏறிவரும் பேருந்துக்கு வழிவிட்டபடி.